பீப்பாவுக்குள் மூன்று மீன்

அம்புறோஸ்: எனக்கு எல்லாம் சரியா ஞாபகம் இல்லை ஐயா. முன்னுக்குப் பின்னாச் சொல்லிப்போடுவன்.

கனகரத்தினம்: பரவாயில்லை. கந்தோர்க் கிளாக்கர் நான் எழுதத்தானே இருக்கிறன். கப்பலிலயிருந்து பீப்பாவை இறக்கினது நீர்தானே?

அம்புறோஸ்: ஓம். தலைமன்னாரில பாரமான சாமானெண்டால் என்னைத்தானே கூப்பிடுவினம்.

கனகரத்தினம்: உள்ளுக்கு மீனெண்டு தெரியுமோ?

அம்புறோஸ்: எங்கட வெள்ளைக்காரத் துரை திறந்து காட்டினவர். மூண்டு. வாலடியில கண் மாதிரிப் புள்ளி. எங்கையோ அமெரிக்காப் பக்கத்து மீனாம்.

கனகரத்தினம்: பிறகு?

அம்புறோஸ்: தண்ணி அரைவாசி ஒழுகிப்போச்சு. நிரப்பி வை எண்டிட்டுத் துரை போயிட்டார். ரெண்டு வாளி கடல் தண்ணி ஊத்தினன்.

கனகரத்தினம்: அது நல்ல தண்ணி மீன், அம்புறோஸ்.

அம்புறோஸ்: நான் கரையில பிறந்தவன் ஐயா. மீனுக்கு வேற தண்ணி தேடுவனோ?

கனகரத்தினம்: சிரியாதையும். வேணுமெண்டு செய்தீரெண்டு துரைக்குப் பட்டால், நாளைக்கு உமக்கு வேலை இல்லை.

அம்புறோஸ்: சிரிக்கேல்லை. களைச்சுப்போனன். விடியத் துவங்கி இதே கேள்வி.

கனகரத்தினம்: எனக்கும்தான்... அந்த மீனைக் கொண்டுபோய் எங்க விட இருந்தவையெண்டு தெரியுமோ?

அம்புறோஸ்: எனக்கென்னண்டு ஐயா தெரியும்?

கனகரத்தினம்: நறுவிலிக்குளத்தில. துரை தூண்டில் போட்டு விளையாட. அது மற்ற மீனையெல்லாம் விழுங்கும். ரெண்டு வருசத்தில குளத்தில குஞ்சும் மிஞ்சாது.

அம்புறோஸ்: அப்பிடியோ...

கனகரத்தினம்: என்ர அக்கா இருக்கிறது அந்த ஊரில. ஆறு பிள்ளையள். குளத்தில பிடிக்கிறதுதான் கறி. சரி, எழுதினதை வாசிக்கிறன், கேளும். மீன் மூண்டும் செத்தது. அம்புறோஸ் அறியாமல் செய்த பிழை. வேலையில இருக்கலாம்.

அம்புறோஸ்: துரை ஒத்துக்கொள்ளுவாரோ?

கனகரத்தினம்: அவருக்கு மாற்றம் வந்திட்டுது. வாற மாசம் கொழும்புக்குப் போறார். கையெழுத்து வைப்பார்.

அம்புறோஸ்: அப்ப நான் போகட்டோ?

கனகரத்தினம்: பொறும்... எழுதாத ஒண்டு இருக்கு. 'நல்ல தண்ணி மட்டும்' எண்டு பீப்பாவில ரெண்டு பாசையிலயும் எழுதச் சொன்னவர் துரை. நான் கப்பலிலேறி இங்கிலீசில மட்டும் எழுதினன். இறக்கிற ஆளுக்கு விளங்காதெண்டு தெரிஞ்சுதான். பழி உம்மில விழுமெண்டும் தெரியும். ஏதாவது சொல்லுமன்.

அம்புறோஸ்: என்ர மகளைக் கட்டிக் குடுத்ததும் நறுவிலிக்குளத்திலதான் ஐயா. இவ்வளவு காலமும் பெட்டியளைப் பார்த்துப் பார்த்து இங்கிலீசு வாசிப்பன். இந்த மீனைக் குளத்தில விடுறதைப் பற்றித் துரைமார் கதைச்சதும் விளங்கினது. நீங்கள் எழுதினதை வாசிச்சுப்போட்டுத்தான் வாளியை எடுத்தனான்.