ஏற்காட்டுக்கு ஒரு காதல் நாவல்

முத்தியால்பேட்டையில் ஷேர் ஆட்டோ ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு எதிரே உட்கார்ந்தார்கள். மகளைக் கட்டிக்கொடுத்த மூத்தவள், முதன்முறையாகப் புருஷனோடு தனியாக ஏற்காடு போகிறாள் என்பது பேச்சில் தெரிந்தது.

“கொஞ்சம் சூடான காதல் நாவலா சொல்லுடி” என்றாள் அவள்.

“எவ்ளோ சூடுக்கா?”

“அவரு டிவிய அணைக்கிற அளவுக்கு.”

இளையவள் சிரித்தாள். “எஸ்டேட் முதலாளி கதை ஒண்ணு இருக்கு. கதவ சாத்திட்டுதான் படிக்கணும். அண்ணன் பார்த்தா திட்ட மாட்டாரா?”

“போன தடவ நீ குடுத்தத எனக்குத் தெரியாம எடுத்துப் படிச்சாருடி. அன்னிக்கு சாயங்காலம் பீச்சுக்குப் போலாமான்னு அவராவே கேட்டாரு. அங்கதான் ஏற்காடு பேச்சே வந்துச்சு.”

“முழுசா படிச்சிட்டாரா?”

“இல்ல, பாதியில பக்கத்த மடிச்சி வெச்சிருக்காரு. அதையும் பெட்டியில எடுத்து வெச்சிட்டேன்.”