ஆன் மேரியோட அத்தை பேசுறேன்

ஹலோ... ஹலோ... ஆனந்தராஜ் சாருங்களா?... ஆங், காலேஜு சாருதான?... வணக்கம் சாரு. நான் சேத்தியாத்தோப்புலேருந்து பேசுறேன். ஆன் மேரியோட அத்த... ஆமாம், ஆமாம், இஞ்ஞாசியம்மா. கால ஒடச்சிகிட்ட இஞ்ஞாசியம்மா நான்தான்...

(சிரிக்காத ஆன் மேரி! போன் பூத்த விட்டு வெளிய தள்ளிடுவேன். உன் அத்த பேசுறேன், மரியாதயா நில்லு. இந்த ஃப்ளோரா மாட்டுனா நீயும்தான் மாட்டுவ.)

ஆங், சொல்லுங்க சாரு... இல்ல, இல்ல, பக்கத்துல யாரும் இல்ல. கோழி. கோழி உள்ள வந்துடுச்சு... நீங்கதான சொன்னீங்களாம், அத்தையே என்கிட்ட பேசட்டும், அப்பதான் வெள்ளிக்கெழம லீவுன்னு. அந்தப் பொண்ணு அழுதுகிட்டே சொல்லுச்சு. அதான் பேசுறேன்...

எப்புடி எழுந்து வந்தனா? எங்க சாரு எழுந்து வர்றது! போனு பக்கத்து வூட்டுல இருக்குது. நாலு பேரு என்னெ கட்டிலோட தூக்கியாந்தாங்க... கட்டிலோடதான் சாரு. வாசப்படியில மாட்டிகிச்சு. சாச்சிப் பாத்தாங்க, திருப்பிப் பாத்தாங்க, அசையல. அப்புடியே போட்டுட்டு டீ குடிக்கப் போயிட்டாங்க... பஸ்ஸு சத்தமா? கேக்கும், கேக்கும். தலை உள்ள இருக்குது, காலு ரோட்டுல கெடக்குது...

(சிரிக்கிறாருடி! சாரு சிரிக்கிறாரு! கிளாஸ்ல ஒரு நாளாவது பல்லக் காட்டியிருப்பாரா?)

ஆங்... எப்புடி ஒடஞ்சிதா? அத ஏன் கேக்குறீங்க. ஆட்டால வந்த வென. எங்க சாமியாரு பூசைக்குப் போடுற அங்கி இருக்குது பாருங்க, வெள்ள அங்கி, அத தொவச்சி கொடியில போட்டிருந்தாங்க. எங்க டெய்சி அதக் கவ்விகிட்டு ஓடுது... டெய்சின்னா ஆடு சாரு. ஒரு பக்கம் சாமியாரு, ஒரு பக்கம் மணியடிக்கிற கோயில் பிள்ள, ஒரு பக்கம் நான். ஊரே வேடிக்க பாக்குது, ஒருத்தனும் கை குடுக்கல. கடைசியில புடிச்சிட்டேன் சாரு, அங்கியப் புடிச்சிட்டேன். வாய்க்காலு இருந்ததத்தான் பாக்கல... கிழியல, கிழியல. ஒரு கைய மட்டும் தின்னுடுச்சு. சாமியாரு இப்ப ஒரு கையோடதான் பூசை வெக்கிறாரு...

எந்தக் காலா? எடது காலு சாரு...

(என்னடி கிள்ளுற?... சோத்தாங்கால்னா சொல்லி வெச்ச? முன்னாடியே சொல்லித் தொலைய மாட்ட?)

...அதான் சாரு சொல்ல வந்தேன், எடது பக்கமாத்தான் விழுந்தேன், ஆனா ஒடஞ்சது சோத்தாங்காலு. எப்புடின்னு கட்டு போட்டவருக்கே புரியல. "ஏம்மா, நீ எப்புடிம்மா விழுந்த, இன்னொரு தடவ விழுந்து காட்டு"ன்னாரு... ஐயோ, சிரிக்காதீங்க சாரு, வலிக்கிறவளுக்குத்தான் தெரியும்...

அதான். கஞ்சி வெச்சிக் குடுக்க ஆளு இல்ல. டெய்சிக்கு தழ ஒடிச்சிப் போடணும். வெள்ளிக்கெழம ஒரு நாளு ஆன் மேரிய அனுப்பி வெச்சீங்கன்னா... பிராக்டிகல்ங்களா? அது என்னா சாரு பிராக்டிகல்லு, மண்ணப் பெசஞ்சி கப்பு பண்றதுதான? எங்க வூட்டுல வந்து சட்டி கழுவட்டும், அதுவும் மண்ணுதான்... சரி, சரி, தப்புதான், படிப்பு படிப்புதான். நான் படிக்காதவ, தெரியாம சொல்லிட்டேன்... என்னா?... குடுக்குறீங்களா? சேசு மரி சூசை! உங்க புள்ளகுட்டியெல்லாம் நல்லா இருக்கணும்!

(குடுத்துட்டாருடி! உனக்கு லீவு! நெய்வேலி புத்தகக் கண்காட்சி பாதி வந்தாச்சு. இரு, இரு, குதிக்காத. எனக்கும் கேக்குறேன்.)

சாரு, இன்னொரு சங்கதி. வயசுப்பொண்ணு தனியா பஸ்ஸு ஏறி எப்புடி வரும்? கூட ஒரு சிநேகிதி இருக்குதாமே. கிளாராவோ, ஃப்ளோராவோ... ஆங், ஃப்ளோரா, அதேதான். அதையும் கூட அனுப்பி வெச்சீங்கன்னா... ஏன் சாரு?... ஏன் கூடாது?... கெடுக்குதா? அந்தப் பொண்ணா? ஆன் மேரியவா?

(உன்னெ நான் கெடுக்குறனாம்டி.)

அப்புடி என்னா சாரு பண்ணிடுச்சு... ம்... ம்... லேப் நோட்டுக்குள்ள கதப் புஸ்தகமா? வெச்சி வெச்சிப் படிக்குதா?... ம்... கப்புக்கு கிளேஸ் போடச் சொன்னீங்க... பளபளன்னு வர்றதுக்குப் பூசுறதா... போட்டுது... அடிப்பக்கம் பூசுனதத் தொடைக்கச் சொன்னீங்க... தொடைக்கல... சூளைய தெறந்து பாத்தா அது உருகி மொத்தக் கப்பும் பலகையோட ஒட்டிகிட்டு வர மாட்டேங்குதா?... அடப்பாவமே. ஒண்ணுகூடவா வரல?... சாரு, நான் ஒண்ணு சொல்லட்டுங்களா? அன்னைக்கி அந்தப் பொண்ணுக்குக் கடைசி நாலு பக்கம் பாக்கி இருந்திருக்கும். கொலகாரன் கதவத் தட்டிகிட்டு நிக்கிறான், உள்ள யாருன்னு தெரியல, அந்த நேரத்துல கப்புக்கு அடி இருக்குதா முடி இருக்குதான்னு யாருக்கு சாரு தோணும்?... எனக்கு எப்புடித் தெரியுமா? அது... ஆன் மேரி சொல்லுச்சு. ஆன் மேரி எல்லாத்தையும் சொல்லும்.

இல்ல சாரு, நீங்க கோவப்படக் கூடாது, பெரியவ சொல்றேன். அந்த ஃப்ளோரா குடுத்தனுப்புற புஸ்தகத்தத்தான் எங்க ஆன் மேரி வந்தா எனக்குப் படிச்சிக் காட்டும்... ஆமாம், எனக்கு எழுத்து தெரியாது. அது பாட்டுக்கு தலமாட்டுல ஒக்காந்து படிக்கும். எவளோ ஒருத்தி, எந்த ஊரோ, அவளுக்கு ஒரு கஷ்டம்னா எனக்கு இங்க நெஞ்சு அடிச்சிக்கும். சோறு எறங்காது. அதுக்கப்புறம் என்னா ஆச்சோ, என்னா ஆச்சோன்னு அடுத்த தடவ அது வர்ற வரைக்கும் வாசலையே பாத்துகிட்டு இருப்பேன். காலு வலி எங்க போச்சுன்னே தெரியாது சாரு. சத்தியமா... ஆமாம்... ஆமாம் சாரு, அதெல்லாம் மருந்துல வராது...

என்னா? அந்தப் பொண்ணு கத எழுதுதா?

(ஆன் மேரி! காலேஜு மலருல போடக் குடுத்தேனே, அதப் படிச்சிட்டாருடி! சும்மா இரு, சும்மா இரு.)

ஓகோ... காலேஜு மலருக்கா... நீங்கதான் பாத்து எடுக்குறதா... அப்புடிங்களா. எங்களுக்கு என்னா சாரு தெரியும் அதெல்லாம். எப்புடி, நல்லா எழுதுதா?... ம்... ம்... அப்புறம்?... என்னா கொற?... பொம்பளைங்க பேசுறது சரியில்லையா? ரேடியோவுல செய்தி வாசிக்கிற மாதிரி பேசுறாளுவளா?... களிமண்ணு குழாயி கம்பெனியில வேல பாக்குறவ "நான் மிகுந்த மனவேதனையில் இருக்கிறேன்"னு சொல்றாளா?... அது... அது ஒரு எடத்துலதான சாரு?... எல்லா எடத்துலயுமா?... ம்... நெசந்தான். அப்புடி யாரும் பேச மாட்டாங்க. வவுறு எரியுதுன்னு சொல்லுவாங்க... ஆமாம்... அப்ப எப்புடித்தான் பேசணுமாம்?

...யாரு மாதிரி?... நானா? நான் பேசுற மாதிரியா?

...சாரு, என்னா சாரு நீங்க...

(ஆன் மேரி, என்னெ ஒரு தடவ கிள்ளு. கிள்ளுடி!... ஆ! அவ்வளோ பலமாவா?)

ஒண்ணுமில்ல சாரு, கோழி கொத்திடுச்சு... என்னா சொன்னீங்க?... அந்தப் பொண்ணு கொஞ்ச நேரம் என் பக்கத்துல ஒக்காந்து நான் பேசுறதக் கேட்டுதுன்னா எழுத வந்துடுமா?... வெள்ளிக்கெழம அதையும் அனுப்புறீங்களா? என் பேச்சக் கேக்குறதுக்கா?... ஐயோ வரட்டும் சாரு, நல்லா வரட்டும்! சங்கட்டம் என்னா சங்கட்டம், வாயி வலிக்கிற வரைக்கும் பேசுறேன்... சரி... சரி சாரு... ரொம்ப சந்தோசம்...

(வெச்சிடவா? வெக்கிறேன், வெக்கிறேன். ஒரே ஒரு கேள்வி. ஏய், கையப் புடிக்காத, என் கதடி அது! என் கதையப் பத்தி ஒருத்தர் பேசுறது இதான் மொத தடவ!)

சாரு, இருங்க, வெச்சிடாதீங்க. அந்தக் கத... பேச்ச விடுங்க, மத்தபடி எப்புடி இருந்துச்சு?... நல்லாருந்துச்சா! எந்த எடம்?... அந்தக் குழாயி கம்பெனி கனகா சம்பளக் கவர பிரிக்காமலேயே மோந்து பாக்குற எடமா? அந்த எடம் எல்லாருக்குமே... சரி, சரி... முடிவா? முடிவுக்கு என்னா?... பழசா?... பாதிக் கதைங்க இப்புடித்தான் முடியுதா?... எப்புடி முடியுது?... சாவுறாளா? யாரு சாவுறா?... கனகாவா?

ரயில் முன்னாடி விழுந்தாளா? எப்ப விழுந்தா?... பிளாட்பாரத்துல ஒத்தச் செருப்பு கெடக்குதா, அதனால விழுந்துட்டான்னு நீங்களா முடிவு பண்ணிட்டீங்களா?... சார்! செருப்பு அறுந்துடுச்சு சார்! மூணாம் பக்கத்துலயே வாரு அறுந்து பின்னு குத்தியிருக்கா சார்! ஜங்ஷன்ல படி ஏறி ஓடியாறா, பின்னும் பிச்சிகிச்சு, ரயில் கெளம்புது, போனா போவுதுன்னு ஒதறிட்டு ஏறிடுறா! ஒத்தச் செருப்போட ஊர விட்டுப் போறா சார் அவ! அவ்வளோ கஷ்டப்பட்டு அவள நான் ரயில் ஏத்தி வுட்டா, நீங்க அவளக் கொன்னு வெச்சிருக்கீங்க? நான் எங்க சார் அவள சாவடிச்சேன்? ஒரு வரி காட்டுங்க பாப்போம்!

...

...சார்?

...லைன்ல இருக்கீங்களா சார்?

(ஆன் மேரி... ஆன் மேரி, தலைல கைய வெக்காத. ஏதாவது சொல்லித் தொல.)

...ஆமாம் சார். ஃப்ளோராதான் சார்... பாலக்கரை போன் பூத்துலேருந்து சார்... ஆன் மேரியா? பக்கத்துலதான் நிக்கிறா. அழுவுறா சார்... அத்தையா? அப்புடி யாரும் இல்ல சார்... ஆடும் இல்ல... சாமியாரு இருக்காரு சார், ரெண்டு கையும் இருக்குது...

இல்ல சார், சினிமாவுக்கு இல்ல. நெய்வேலிக்கு. புத்தகக் கண்காட்சி... ஞாயித்துக்கெழமயோட முடியுது சார். சனி, ஞாயிறு ஹாஸ்டல் சிஸ்டரு வெளிய வுட மாட்டாங்க. காலேஜு நாளுல போனாத்தான் உண்டு... கேட்டிருந்தா குடுத்திருப்பீங்களா சார்? அந்தக் கப்புக்கு அப்புறம்?... பாத்தீங்களா, நீங்களே சொல்றீங்க...

போன வருசமும் போவல சார். நம்ம லைப்ரரியில இருக்குற கதப் புஸ்தகமெல்லாம் படிச்சிட்டேன். சிலது ரெண்டு தடவ. சிலதுக்கு முன்னாடி பக்கமே இல்ல, நானே நெனச்சிகிட்டுப் படிச்சேன். ஒரே எடத்துல அவ்வளோ புஸ்தகம் இருக்குமாம் சார், தொட்டுப் பாத்தாக்கூட யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்களாம். வாங்கக்கூட வேணாம், நின்னு பாத்துட்டு வந்தாப் போதும். அதுக்குத்தான் சார். எனக்கு அழுவ வருது சார், என்னால இப்ப அத்த மாதிரியெல்லாம் பேச முடியாது...

இல்ல சார்... தப்புதான் சார்... பெரிய தப்புதான்... ஆமாம் சார்... ஆமாம்...

நாளைக்கி சாயங்காலமா?... பலகையில ஒட்டுனத எல்லாம் சொரண்டணுமா?... எல்லாப் பலகையுமா?... சரி சார், சொரண்டுறேன் சார். ஆன் மேரியும் சொரண்டுவா சார்... சொரண்டுனா?

...நெஜமாவா சார்?... ரெண்டு பேருமா?

(போலாம்டி! போலாம்! வுடு, கழுத்த நெரிக்காத, மூச்சு முட்டுது!)

தேங்ஸ் சார்! ரொம்ப தேங்ஸ் சார்! கதையும் மாத்தி எழுதுறேன் சார், எல்லாரையும் ஒழுங்கா பேச வெக்கிறேன்... இன்னொண்ணா? என்னா சார்?... திங்கக்கெழம போன் பண்ணி கண்காட்சியப் பத்திச் சொல்லணுமா? கட்டாயம் பண்றேன் சார்... என்னது?... நான் பண்ண வேணாமா? அப்ப யாரு பண்றது?... ஆன் மேரியா?... அவளும் இல்லையா?...

...சார்!

(அத்த பேசுனாத்தான் கேப்பாராம்டி. கட்டில ரயில்ல ஏத்தி நெய்வேலிக்கு வந்த கதயச் சொல்லணுமாம்!)

...ம்க்கும்... ஆவட்டும் சாரு. திங்கக்கெழம பேசுறேன். இந்தக் கால வெச்சிகிட்டு எப்புடிப் போயி வரப்போறனோ, மாதாதான் தொண இருக்கணும்... ஆங், டெய்சியையும் இட்டுகிட்டுத்தான் போவணும், புஸ்தகத்தத் திங்காம இருந்தா சரி... சரி, சரி, வெச்சிடுறேன். ஆனா ஒண்ணு சாரு, நல்லாக் கேட்டுக்கங்க. அந்தக் கனகாப் பொண்ணு சாவல.