வடியாமல் காய்ந்த நீர்

“நேத்து கழனி மண்ண நாக்குல வச்சுப் பார்த்தேன் பாவா. இன்னும் கரிக்குது.”

திருத்தணியிலிருந்து அரக்கோணம் செல்லும் காலை ரயிலில், எனக்கு எதிரே அமர்ந்திருந்த பெண் இவ்வாறு சொன்னார். பக்கத்தில் இருந்தவர் அவருடைய அக்காள் கணவர் என்பது பேச்சிலிருந்து விளங்கியது.

“மண்ணத் துன்னு பார்க்கிற ஆள இப்பத்தான் பார்க்கிறேன். ஜிப்சம் போட்டியா இல்லியா?”

“போட்டேன். தொழு எருவும் போட்டேன். நீங்க சொன்னாப்பல தண்ணியும் கட்டினேன். போன தடவ மாதிரி காராமணி கருகிப்போச்சுன்னா, மறுபடி போட வெதையே இல்ல. வீட்ல இருக்கிறது ரெண்டு படிதான்.”

“கட்டின தண்ணிய எங்க வடிச்சு வுட்ட?”

“வடிக்கல. நின்னு அப்படியே காஞ்சிடுச்சு.”

“காஞ்சா உப்பு எங்க போவும்? ஜிப்சம் பிரிச்சுக் குடுக்கும், தண்ணிதான் அத வெளிய இட்டுகினு போவணும். இது கூடவா தெரியாது?”

“தெரியுங்க. வடிச்சா உங்க கழனிக்குத்தானே வரும்.”

அக்காள் கணவர் சன்னல் கம்பியை விட்டுவிட்டு அப்பெண்ணின் பக்கம் திரும்பினார்.

“என் வரப்போரமா கால்வா எடுத்து ஓடையில வுடலாம். நானும் மம்முட்டி எடுத்துகினு வரேன். மறுபடி தண்ணி கட்டி வடிக்கப் பத்து நாளாவும். அதுவரைக்கும் வெதையத் தொடாத.”

அப்பெண் மடியிலிருந்த பையை இறுகப் பற்றிக்கொண்டார்.

“நாளைக்கு வெதைக்கலாம்னு ரெண்டு படியையும் காலையிலயே ஊற வச்சுட்டுத்தான் பாவா வந்தேன்.”