வாட்ச் கட்டிய காட்டேரி

சிரிக்காமல் கேட்பதாக இருந்தால் சொல்கிறேன்.

எழுபத்து நாலு, ஐப்பசி. இரவு ஒன்றரை மணி... வில்லியனூரிலிருந்து அரியூர் போகிற ரோட்டில் ஈ காக்கை இல்லை. என் சிநேகிதன் நாகராஜனுடைய மாமா சௌந்தரராஜன் தனியாக நடந்து வந்தார். வாயெல்லாம் மணல். எதிரே வந்த வண்டிக்காரர் கேட்டதற்கு வாயைத் திறந்து திறந்து மூடினார்.

மளிகைக் கடைக்காரர் அவர். கடையைச் சாத்தினால் நேரே டென்ட் கொட்டகைதான், மணல் தரை டிக்கெட். அப்போது ஒரு காட்டேரிப் படம் ஓடியது. பேர்கூட யாருக்கும் ஞாபகமில்லை. ரத்தம் என்று ரோஸ்மில்க்கை ஊற்றியிருப்பார்கள். வௌவாலைக் கட்டிய கயிறு தெரியும். சவப்பெட்டிக்குள்ளிருந்து நீளும் காட்டேரியின் கையில் வாட்ச்! அதற்காகவே ஏழு நாள் போனார். நல்ல படமென்றால் வாயை மூடிக்கொண்டு பார்க்க வேண்டும். இந்த மாதிரிப் படத்தில் நாமும் நடிக்கலாம், இல்லையா? கை வந்ததும் மாமா அலறுவார்:

"ஐயோ, புட்சிக்கினான்டா! காப்பாத்துங்கடா!"

கொட்டகையே விழுந்து விழுந்து சிரிக்கும்.

எட்டாம் நாள். பெட்டி திறந்தது... க்ரீச். கை வந்தது. வெறும் கை.

"இன்னாடா இது, வாட்ச்ச காணோம்?" என்றார் மாமா.

டிக்... டிக்... டிக்.

அவருக்குக் கீழே, மணலுக்குள். நனைந்த சாக்கு நாற்றம். மணலில் ஊன்றியிருந்த கையை உள்ளிருந்து ஏதோ பிடித்தது. ஜில்லென்று. இழுத்துப் பார்த்தார். முழங்கை வரை உள்ளே போய்விட்டது.

"ஐயோ, புட்சிக்கினான்டா! காப்பாத்துங்கடா!"

ஒரே சிரிப்பு. பக்கத்திலிருந்த கடைப் பையன் ராசு முதுகில் தட்டி, "இன்னிக்கிதான் மொதலாளி சூப்பரு!" என்றான். மாமா அழுதார். அதற்கு விசில். கை தோள் வரை போய், முகம் மணலில் அழுந்தியது. சிரித்துப் புரள்கிறார் என்று நினைத்தார்கள். பாவம் மனுஷன், சுற்றிலும் இருநூறு பேர், ஒருவன் கை கொடுக்கவில்லை.

படம் முடிந்து எல்லோரும் போன பிறகுதான் பிடி விட்டது. குரல் அன்றோடு போயிற்று. இதெல்லாம் பொட்டலம் மடிக்கிற தாளில் அவரே எழுதிக் காட்டியது.

அடுத்த மாதம் அதே படம் பாகூர்ப் பக்கம் வந்தது. நானும் நாகராஜனும் போனோம். பெட்டி திறந்தது. கை வந்தது. கையில் வாட்ச் இருந்தது. பிறகு பெட்டிக்குள்ளிருந்து... முன்பு அந்தப் படத்தில் இல்லாத ஒரு குரல்.

"ஐயோ, புட்சிக்கினான்டா... காப்பாத்துங்கடா!"

கொட்டகையே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன்.

நாகராஜன் மட்டும் எழுந்து நின்று, "மாமா... மாமா..." என்று திரையைப் பார்த்துக் கூப்பிட்டான்.

அதற்கும் சிரித்தார்கள்.