இப்ப மட்டும் நாமளா?

"ஹலோ... யாரு? ... ஆர்யோவா! சொல்லு தம்பி. கொஞ்சம் சத்தமாப் பேசு, தகரத்துல மழை அடிக்குது... ஆமா, ஆமா, பட்டறையிலதான்... என்னது? தீயா?"

வாஸ்கிதோ வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். சிடோஆர்ஜோ ஊரில் மழைக்காலம் வந்தால் இறால் அப்பளம் காயாது. அதற்காகத்தான் உமியில் ஓடும் உலர்த்தி ஒன்றை அவர் கண்டுபிடித்தார். அதை விற்கக் கம்பெனி தொடங்கி டைரக்டர் ஆனவன் ஆர்யோ.

"யார் வீட்ல? ... அப்பளம் போடுற சுமினா அக்கா வீட்லயா? ஐயோ... ஆளுங்களுக்கு? ... கை மட்டும்தானே? நல்லாக் கேட்டியா? ... ஆமா... ஆமா... சரி, மூச்சு விடு. கூரை போனா போட்டுக்கலாம்... ஆனா மூடி விழலையா? ... அடுப்பு வாய் மூடிப்பா! சூடு ஏறினா மூடியைப் பிடிச்சிருக்குற ஈயம் உருகும், மூடி தானா விழும், தீ அவிஞ்சிடும்... விழுந்துச்சா, இல்லையா? ... ஹலோ? லைன்ல இருக்கியா?"

அவர் ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"இல்லன்னா? விழலையா, மூடியே இல்லையா? ... எப்ப எடுத்தீங்க? ... எந்தக் கூட்டத்துல? ... என்னை ஏன் கூப்பிடல? ... ஓ, தொந்தரவு பண்ண வேணாம்னு! ... செலவைக் குறைக்கணும்னு முதல் போட்டவரு சொன்னாரா? அவரு உமி எரிஞ்சு பாத்திருக்காரா? ... என்ன, ரிஸ்க்கா? எனக்கா சொல்றே? டேய், மூடி இல்லாம முதல் மெஷினை ஓட்டினவன் நான். என் பட்டறையில ஓட்டினேன், என் கூரை எரிஞ்சுது. அது ரிஸ்க்கு. அந்த அக்காவுக்குச் சொல்லாம அவ கூரைக்குக் கீழ கொண்டுபோய் வச்சியே, அதுக்குப் பேரு வேற."

மறுமுனை நீளமாகப் பேசியது.

"ம்... ம்... கையெழுத்தா? நானா? எதுல? ... மூடி எடுத்ததைச் சொல்லப்போறதில்ல. என் வடிவமைப்புலயே கோளாறுன்னு சொல்லப்போறீங்க. அதானே? ... இரு, இரு. கடைசியா என்ன சொன்னே? ... 'நாம' பொறுப்பேத்துக்கணுமா?"

வாஸ்கிதோ சிரித்துவிட்டார்.

"திறப்பு விழாவுக்குக் கூப்பிட வந்தியே, ஞாபகம் இருக்கா? 'நாங்க புது ஃபாக்டரி திறக்குறோம், நீங்களும் கண்டிப்பா வாங்க'ன்னே. என்னையே விருந்தாளியாக் கூப்பிட்டே! என் சம்சாரம் அப்பவே கேட்டா, 'நாமதானேங்க திறக்கணும்?'னு. பாவம், வாய் தவறிடுச்சுன்னு உனக்காக நான்தான் வாதாடினேன்... இல்ல, நீ கேளு. விழாவுல மஞ்சச் சோத்துக் கூம்போட உச்சி பெரிய மரியாதைக்கு உரியவருக்குத்தானே? அதை வெட்டி யார் தட்டுல வச்சே? முதல் போட்டவரு தட்டுல. அப்பவும் கை தட்டினேன்டா, முட்டாள் மாதிரி... ஆமா. ஃபாக்டரி திறந்தா நாங்க. கூரை எரிஞ்சா நாமளா?"

தகரத்தில் மழை வலுத்தது. அவர் குரல் சட்டென்று மாறியது.

"அதை விடு. மூடி இல்லாம இன்னும் யார் யாருக்கு அனுப்பினீங்க? ... அத்தனை பேருக்கா? இந்த மழையில எல்லாரும் இப்ப ஓட்டிக்கிட்டு இருப்பாங்களே! உடனே ஃபோன் பண்ணி அணைக்கச் சொல்லு... என்ன பேரு கெடும்? யாரு பேரு? ... சரி, நம்பரெல்லாம் எனக்கு அனுப்பு, நான் பேசிக்கிறேன்... தர முடியாதா? ... கம்பெனி விஷயமா? நல்லது, டைரக்டர் ஐயா."

'தம்பி' போய் 'ஐயா' வந்தது மறுமுனைக்கும் உறைத்திருக்க வேண்டும்.

"இல்லீங்க, கோவமெல்லாம் இல்லீங்க... நம்பர் வேணாம். உங்க மெஷின் எந்தெந்த வீட்ல இருக்குன்னு உமி விக்கிற சுராதிக்குத் தெரியும். அவன் லாரியிலயே போறேன். முதல்ல அடுப்பை அணைக்கணும், அப்புறம் மூடி மாட்டணும்... சொல்லுவேன், ஒவ்வொரு வீட்லயும் சொல்லுவேன். மூடி இருந்துச்சு, எடுத்துட்டாங்கன்னு... தாராளமாக் கேஸ் போடுங்க... என்னது? இப்பவே காரை எடுத்துட்டு வரீங்களா? சேர்ந்து போய்..."

அவர் கண்ணாடியைக் கழற்றிப் பெஞ்சில் வைத்தார்.

"நாம இல்லீங்க. நான் போறேன். வச்சிடுறேன்."