ஆறு மணிக்குப் பிந்தைய விதி

எனக்குக் கைக்கடிகாரம் கட்டும் பழக்கம் இல்லை, ஐயா. ஆய்வகச் சுவரில் இருப்பது என்றைக்கும் சரியாக ஓடும். பதினோரு வருடமாக அதற்கு பேட்டரி மாற்றுவது நான்தான்.

அங்கே நான் இயக்கும் இயந்திரம் செல்களை ஒன்றன்பின் ஒன்றாக லேசர் முன்னால் ஓடவிட்டு எண்ணும். அப்போது கண்ணுக்குத் தெரியாத துளிகள் தெறிக்கும். நோயாளியின் சளி என்றால் துளியில் கிருமி இருக்கும். அதனால் மாதிரியை முதலில் ஃபார்மலினில் அரை மணி நேரம் வைப்போம். கிருமி செத்துவிடும், செல் மட்டும் உருவம் குலையாமல் நிற்கும். ஆறு மணிக்கு நான் வீட்டுக்குப் போன பிறகு, அப்படி வைத்த மாதிரியை யாரும் முகக்கவசம் இல்லாமலே ஓட்டலாம் என்பது விதி.

எனக்கு அந்த விதி பிடிக்கவில்லை. நான் இல்லாமல் இயந்திரத்தைத் தொடவே கூடாது என்று மூன்று முறை எழுதிக் கொடுத்தேன். "இதுவரைக்கும் ஒண்ணும் ஆகலையேப்பா," என்று இயக்குநர் சிரித்தார். பட்டால்தான் புத்தி வரும் என்பார்கள். அதற்கு யாருக்காவது பட வேண்டுமே.

காசநோயை ஆராய்ந்த பெண் என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். மிகவும் கவனமானவள். அவளைத் தேர்ந்தெடுத்ததே அதற்காகத்தான். கவனமில்லாதவள் என்றால் பழி அவள்மேல் விழும், விதி தப்பித்துக்கொள்ளும்.

அந்த வியாழக்கிழமை அவளிடம் இருந்தது எந்த மருந்துக்கும் மசியாத வகை. அவளுடைய ஃபார்மலின் புட்டியில் உப்புநீரை நிரப்பி, வாசனைக்கு நாலு சொட்டு ஃபார்மலின் விட்டேன்.

"புதுசா கலக்கினதாண்ணா?"

"இன்னைக்குத்தான்ம்மா. முழுசா அரை மணி நேரம் வை."

வைத்திருக்கிறாள். நான் போன பிறகு விதிப்படி ஓட்டி, பதிவேட்டில் நேரத்தோடு எழுதியிருக்கிறாள். மறுநாள் காலையில் முகக்கவசம் போட்டுக்கொண்டு இயந்திரத்தைத் துடைத்தேன், புட்டியைக் கழுவிச் சரியான கரைசலை நிரப்பினேன்.

மூன்றாம் மாதம் அவளுக்கு இருமல் வந்தது. ஞாயிறுதோறும் பழம் வாங்கிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனேன். மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. எட்டாம் மாதம் போய்விட்டாள். விசாரணையில் அவள்மேல் ஒரு தவறும் இல்லை என்றார்கள், விதியை மாற்றினார்கள். இப்போது ஆறு மணிக்கு நானே கதவைப் பூட்டுகிறேன். அதற்குப் பிறகு அங்கே ஒரு விபத்துகூட இல்லை.

அவள் பொருள்களை வாங்கிப்போக அம்மா வந்திருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "கூடப் பொறந்த அண்ணன் மாதிரி பாத்துக்கிட்டீங்கன்னு சொல்லுவாப்பா," என்று அழுதார். நான் பக்கத்தில் இருந்திருந்தால் அவளுக்கு இப்படி ஆகியிருக்காது என்று சொல்லித் தேற்றினேன்.

அதில் பொய் ஒன்றும் இல்லையே, ஐயா.