வியாழக்கிழமை மணி

நாகரத்தினம்: ஏணிய நல்லா புடி, ஜெயந்தினி! பாஸ்டர் கோயில் மணியிலருந்து விழுந்து செத்தாருன்னா தேயிலத் தோட்டமே சிரிக்கும்.

ஜெயந்தினி: புடிச்சுத்தான் இருக்கேன் ஐயா...

நாகரத்தினம்: ஒத்தக் கையால. மத்தக் கையில என்ன?

ஜெயந்தினி: போனு. அது கெடக்கட்டும். எங்கண்ணன் விசயமா நான் கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லல.

நாகரத்தினம்: கிரீஸ் பூச விடு புள்ள... இல்லாட்டி கிறீச்சுன்னு கத்தும்.

ஜெயந்தினி: ஐயா! கனடாவுல எங்கண்ணன் வியாழக்கிழமை சாகப் போறாரு. நீங்க மணிக்கு கிரீஸ் பூசிக்கிட்டு இருக்கீங்க!

நாகரத்தினம்: ...எறங்கி வாறேன்.

ஜெயந்தினி: அந்தப் பாழாப்போன வியாதியில கை போச்சு, காலு போச்சு. இப்ப எச்சி முழுங்கவும் முடியலையாம். டாக்டர் ஒதவியோட அமைதியா போயிர்றேங்குறாரு. அங்க சட்டம் விடுதாம்.

நாகரத்தினம்: நிரஞ்சன் தம்பி நெதானமாத்தான் சொல்றாரா? யாரும் தள்ளலையே?

ஜெயந்தினி: தள்ளுறதா! அண்ணி காலப் புடிச்சு அழுதாங்க. பாக்காத வைத்தியம் இல்ல. ரெண்டு டாக்டர் தனித்தனியா கேட்டாங்களாம். ஒரே பேச்சுத்தான்.

நாகரத்தினம்: நீ என்ன சொன்ன?

ஜெயந்தினி: பாவம்னு சொன்னேன். உசுரு ஆண்டவர் குடுத்தது, அவருதான் எடுக்கணும்னு... நீங்க சொல்லிக் குடுத்ததுதானே!

நாகரத்தினம்: சொன்னேன். குடுத்தவரு அவருதான். அதுக்காக, வேதனைய கடைசிச் சொட்டு வரைக்கும் குடின்னு அவரு கேக்குறாருன்னு... இப்ப என்னால சொல்ல முடியல.

ஜெயந்தினி: எப்பருந்து?

நாகரத்தினம்: செல்லசாமி போனதுலருந்து.

ஜெயந்தினி: மேல் லயத்து வீட்டு வரிசையில இருந்த கேன்சர்காரரா?

நாகரத்தினம்: வலி தாங்காம, யாருக்கும் தெரியாம, தனியா போயிட்டாரு. கையப் புடிக்க ஒரு ஆளு இல்ல. நான் மணியும் அடிக்கல. அவரு சம்சாரம் பேச்சியம்மா இன்னைக்கும் என்னப் பாத்தா தோத்திரம் சொல்லுது... அதுதான் புள்ள குத்துது.

ஜெயந்தினி: எனக்கும் அந்த மணிய நெனச்சுத்தான் பயம். தானா உசுர விட்டவங்களுக்கு மணி இல்ல, அதானே நம்ம கோயில் வழக்கம்? எங்கண்ணன் சின்னதுல இந்தக் கயித்துல தொங்கி எத்தன அடி வாங்கிருக்காரு...

நாகரத்தினம்: இயேசு சாமி சிலுவைக்கு முந்தின ராத்திரி தோட்டத்துல அழுதாரா இல்லையா?

ஜெயந்தினி: அழுதாரு.

நாகரத்தினம்: அப்ப கூட இருந்தவங்ககிட்ட என்ன கேட்டாரு? தீர்ப்பா? கூட முழிச்சிருங்கன்னாரு. எல்லாப் பயலும் தூங்கிட்டான்! செல்லசாமி விசயத்துல நானும் தூங்கிட்டேன். இனிமே தூங்க மாட்டேன்.

ஜெயந்தினி: சபையில பெரிய ஐயாமாரு கேட்டா?

நாகரத்தினம்: கேப்பாங்க. சபை இத ஒத்துக்காது, அதையும் ஒனக்கு ஒளிக்கல. ஊர் மாத்துவாங்க. இந்தப் பொகவந்தலாவை மலைக்கு மேல எங்க மாத்துவாங்க, மேகத்துக்கா?

ஜெயந்தினி: சிரிப்புக் காட்டாதீங்க ஐயா... அப்ப, மணி?

நாகரத்தினம்: அங்க காலையில பத்துன்னா இங்க ராவு ஏழரை. நீயும் நானும் இங்க உக்காந்து ஜெபம் பண்ணுவோம். அவரு போனதும் மணி. வயசு அம்பத்திரெண்டுதானே? அம்பத்திரெண்டு அடி. ஒன்னு கொறையாது.

ஜெயந்தினி: அம்பத்திரெண்டுதான் ஐயா... எங்கண்ணனுக்கு அம்பத்திரெண்டுதான்...

நாகரத்தினம்: அழுவு, அழுவு. ஏணிய மட்டும் விட்டுறாத, மேல கிரீஸ் பூச இன்னும் ஒரு பக்கம் இருக்கு.

ஜெயந்தினி: ஐயா... ஒன்ன மறைச்சுட்டேன். போனக் கட் பண்ணவே இல்ல. அண்ணன் லைன்லதான் இருக்காரு. எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு.

நாகரத்தினம்: தெரியும். நீ போனக் கீழ வைக்காதப்பவே.

ஜெயந்தினி: தெரியுமா!

நாகரத்தினம்: முந்தாநாளே எனக்குப் போன் எடுத்தாரு. வாய் கொளறுது, ஆனா வெளங்குச்சு. "நானும் ஆண்டவரும் பேசி முடிச்சிட்டோம் ஐயா, தங்கச்சிக்குத்தான் மணி வேணும்"னாரு. இல்லாட்டி இந்த வயசுல எதுக்கு புள்ள ஏணியில ஏறுனேன்?